ரூபி வீட்டுத் தரையில் விழுந்த கோடு

வேலையை விட்டு வீட்டில் இருக்கத் தொடங்கிய பிறகு எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் இரண்டு வகை. ஒன்று மருந்துக்கடையிலிருந்து. மற்றது மதுராவிடமிருந்து. நான் வேலை செய்த நிறுவனத்தில் இப்போது மேற்பார்வையாளராக இருப்பவள் மதுரா. இங்கே பிறந்தவள். சீமெந்துக் கலவையால் ஊற்றும் கொங்கிறீற் தரையைத் தேய்த்து மினுக்கும் வேலையில் என்னைவிட வேகம், என்னைவிடப் பொறுமை. போன கிழமையும் எடுத்தாள்.

“அங்கிள், கிளையன்ஸ் எல்லாரும் ஒரே கேள்விதான். வில் இற் கிராக்? வெடிக்குமா எண்டு. ஓம் எண்டு சொன்னா ஓடிடுவினம். இல்லை எண்டு சொன்னா அது பொய். வட் டு ஐ ரெல் தெம்? என்னத்தைச் சொல்ல?”

“ரூபி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தரையைக் காட்டு,” என்றேன்.

“ஹூ இஸ் ரூபி?”

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் போட்ட தரைகளில் நான் மார்தட்டிச் சொல்லக்கூடிய தரை ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பின்வளவில் கிடக்கிறது. எங்கள் ஆட்களுக்கே அது தெரியாது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு கதையை முடித்துவிடுகிறேன். “இந்தக் குளிருக்குள் கொங்கிறீற் தரையா? கால் விறைத்துவிடுமே!” என்று கேட்காத தமிழர் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கோயிலில் கேட்பார்கள், கலியாண வீட்டில் கேட்பார்கள், சாவீட்டில்கூடக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் மனதில் இருப்பது கார் நிறுத்தும் நிலவறைத் தரை. அதற்குக் கீழே மண், மண்ணுக்குள் குளிர். விறைக்காமல் என்ன செய்யும்? வீட்டுக்குப் போடும் தரை வேறு. கீழே தடித்த ஃபோம் பலகை, அதன்மேல் ஈரம் ஏறாமல் பிளாஸ்ரிக் விரிப்பு, அதன்மேல் கம்பி வலை, வலையோடு சேர்த்துக் கட்டிய சுடுதண்ணீர்க் குழாய்கள், எல்லாவற்றையும் மூடிக் கொங்கிறீற். சுவரோரத்திலும் ஃபோம் நிற்க வேண்டும். அதை மறந்தால் சூடு முழுவதும் ஓரத்தால் கசிந்து வெளியே பனிக்குள் போய்விடும். ஒழுங்காகச் செய்த தரையில் தை மாதத்தில் வெறுங்காலோடு நிற்கலாம். சப்பாத்தோடு வரும் பனி உருகி, துடைக்கத் துணி எடுப்பதற்குள் காய்ந்துவிடும். மரத்தரை அந்த ஈரத்துக்கு ஊதும், காபற் நாறும். கொங்கிறீற் அதையெல்லாம் பொருட்படுத்தாது. அதற்கு எதிரிகள் இரண்டே இரண்டு: வீதியில் பனி உருகக் கொட்டுகிற உப்பு, வீட்டுக்காரரின் அவசரம்.

நான் இந்த வேலைக்கு வந்தது தற்செயல். கனடாவுக்கு வந்த புதிதில் எல்லாரையும் போலக் கோப்பை கழுவினேன். பிறகு மிசிசாகாவில் ஒரு களஞ்சியசாலை. அங்கே தரை தேய்க்க வந்த குழுவில் ஓர் ஆள் குறைந்தபோது மிஷினைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிடித்தேன், ஓய்வு பெறும்வரை விடவில்லை. ஊர்ச்சனம் எனக்குக் ‘கொங்கிறீற் செல்வம்’ என்று பட்டம் வைத்தது. கலியாண அழைப்பிதழிலும் அப்படியே எழுதி அனுப்புவார்கள்.

அந்தக் குழுவின் தலைவர் மரியோ. போர்த்துக்கல்லில் பிறந்தவர். அவரும் நானும் பேசிய ஆங்கிலத்தை ஒரு வெள்ளைக்காரர் கேட்டிருந்தால் அழுதிருப்பார். எங்கள் இருவருக்கும் அது நன்றாக விளங்கியது. இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

ஒரு வீட்டுக்குப் போனால் மரியோ முதலில் சப்பாத்தைக் கழற்றுவார். காலுறையோடு தரையின் மூலைமுடுக்கெல்லாம் நடப்பார். பிறகு முழந்தாளில் இருந்து ஓர் இரும்புக் கம்பியின் நுனியால் தட்டித் தட்டிக் காது கொடுப்பார். கீழே பொள்ளல் இருந்தால் சத்தம் மாறும். அதெல்லாம் முடிந்த பிறகுதான் வீட்டுக்காரரோடு பேச்சு. என்ன நிறம் வேண்டும், எவ்வளவு மினுக்கம் வேண்டும் என்று தொடங்கமாட்டார். “இதில் யார் நடமாடுவார்கள்? அவர்களோடு வெளியிலிருந்து என்ன உள்ளே வரும்? யார் துடைப்பார்கள்?” இவைதான் கேள்விகள். பதில் சொல்லத் தெரியாமல் விழித்தவர்களுக்கு, யோசித்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லி, சப்பாத்தை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார்.

கோபம் வந்தால் அவர் கத்தமாட்டார். சுவரடிக்குப் போய் மிஷினின் வயரை இழுத்துக் கழற்றுவார். கழற்றிவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவ்வளவு இரைச்சலும் சட்டென்று நின்ற பிறகு வரும் அந்த அமைதியில் நான் என்ன பிழை விட்டேன் என்று எனக்கே தெரிந்துவிடும். வயர் அதிகம் கழற்றப்பட்டது என் முதல் குளிர்காலத்தில்.

வேலை சொல்லச் சுலபம். உலோகத்தில் பதித்த வைரத் துணுக்குகள் பூட்டிய தட்டுகளால் மேல்தோலைச் சீவி எடுக்க வேண்டும். எவ்வளவு ஆழம் சீவுகிறோமோ அவ்வளவுக்கு உள்ளே உள்ள மணலும் கல்லும் முகம் காட்டும். பிறகு கொங்கிறீற்றைக் கெட்டியாக்கும் திரவம் ஒன்றைக் குடிக்கக் கொடுக்க வேண்டும். குடிக்கக் கொடுக்க வேண்டும் என்பது மரியோவின் சொல். தாகம் தீர்ந்த தரை அதற்கு மேல் ஒரு சொட்டும் எடுக்காது. அதைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். அதன்பின் நுண்மையான தட்டுகள், அவற்றைவிட நுண்மையானவை என்று ஏறிக்கொண்டே போக வேண்டும். இடையில் ஒரு படியைத் தாண்டினால் அப்போது ஒன்றும் தெரியாது. வீட்டுக்காரர் குடிவந்த பிறகு, மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில், பழைய கீறல்கள் எல்லாம் எழும்பி நின்று சிரிக்கும்.

அவசரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், பின்னால் வரப்போகிறது. ஒஷாவாவில் ஒருவர், கொங்கிறீற் ஊற்றிய கையோடு குழாய்ச் சூட்டை முழுதாகத் திறந்துவிட்டார். காய்வதற்கு உதவி செய்தாராம். நாங்கள் மினுக்கப் போனபோது தரை வற்றிய குளம் மாதிரிக் கிடந்தது. மரியோ வான் வண்டியிலிருந்து மிஷினை இறக்கவே இல்லை. சூடு ஏற்றுவதென்றால் நாளுக்குக் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். இன்றைக்குக் கூட்டியது நாளைக்குத்தான் காலுக்குத் தெரியும். தெரியவில்லையே என்று மறுபடி கூட்டினால் தொலைந்தது.

இனி ரூபி.

சிவரூபி ஆஸ்பத்திரிகளுக்குத் தொலைபேசியில் மொழிபெயர்ப்பவர். டொக்ரர் ஆங்கிலத்தில் சொல்வதை நோயாளிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். புற்றுநோய் என்று சொல்ல வேண்டிய நாளும் வரும், பிள்ளை பிறக்கப் போகிறது என்று சொல்ல வேண்டிய நாளும் வரும். இருந்தது அண்ணன் யோகன் குடும்பத்தோடு. ஒரு மாரிக் குளிரில் அந்த வீட்டு வாசற்படியில் உறைந்திருந்த பனியில் வழுக்கி விழுந்தார். முதுகெலும்பு போனது. அதன்பின் சக்கர நாற்காலி. அன்று காலையில் படிக்கு உப்புப் போட மறந்தவர் யோகன். அதை அவரிடம் ஒருவரும் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை; அதற்குப் பிறகு அந்த வீட்டைச் சுற்றிப் பனி விழ முன்னரே உப்பு விழுந்துவிடும்.

படுக்கையறைகள் எல்லாம் மேல்மாடியில். அதனால் கீழே சாப்பாட்டறைக்கு ஒரு திரைச்சீலையைப் போட்டு அதை ரூபியின் அறையாக்கினார்கள். பின்வளவில் தனக்கென ஒரு சின்ன வீடு கட்ட வேண்டும் என்று ரூபி சொன்னபோது யோகனுக்கு விருப்பமில்லை. ரூபி நகரசபைக்கு எழுதி, வரைபடம் எடுத்து, எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் தரையைப் பற்றிப் பேச எங்களைக் கூப்பிட்டார். மரியோ சப்பாத்தைக் கழற்ற அங்கே இன்னும் தரை இருக்கவில்லை. பெரிய வீட்டின் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து பேசினோம்.

யோகன்தான் முதலில் தொடங்கினார். “செல்வம், கோவிக்காதையும். உந்த மினுங்குற தரையைப் பாத்தாலே எனக்கு ஐஸ் மாதிரிக் கிடக்கு. இவள் விழுந்தா ஆர் பொறுப்பு?”

“சக்கரக் கதிரையில இருந்துகொண்டு எப்பிடி அண்ணை வழுக்கி விழுறது?” என்றார் ரூபி.

“கட்டிலுக்கு மாறேக்க? குளிக்கேக்க? உனக்கு எல்லாம் பகிடி.”

“பகிடி இல்லை. நான் இஞ்ச திரைச்சீலைக்குப் பின்னால இருந்துகொண்டு ஒரு அம்மாவுக்கு, உங்கட மகனுக்கு இனி ஒண்டும் செய்யேலாது எண்டு சொல்லுறன். இஞ்சால ரிவியில கிரிக்கெற் போகுது. அந்த அம்மா அழுறா, இஞ்ச எல்லாரும் கை தட்டினம். எனக்கு ஒரு கதவு வேணும் அண்ணை. பூட்டுற கதவு.”

யோகன் திரைச்சீலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “சரி, கட்டு. ஆனா ஒரு குறை வந்தாலும் நீ திரும்பி இஞ்ச வந்திடவேணும்.”

“வாறன்,” என்றார் ரூபி. ஒரு குறையும் இல்லாத தரையை நான் வாழ்நாளில் கண்டதில்லை.

அவர்கள் சொன்னவற்றை மரியோவுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் மினுக்கத்தைக் குறைக்கலாம் என்றார். கண்ணாடி மாதிரி வேண்டாம். கை வைத்தால் மெதுமெதுவென்று இருக்கும் அளவில் நிறுத்தலாம், கதவடியிலும் குளியலறையிலும் அதற்கும் ஒரு படி முன்னால் நிறுத்தலாம், அங்கே தரை கொஞ்சம் பிடிக்கும். ரூபி சம்மதித்தார். அதோடு முடிந்தது என்று நினைத்தோம். சிக்கல் பட்டறையில் வந்தது.

மாதிரி பார்க்க ரூபியை எங்கள் பட்டறைக்கு வரச்சொன்னோம். யோகன் காரை நிறுத்தப் போய்விட்டார். எங்கள் வாசலுக்கும் கொஞ்சம் உப்புத் தூவினார் என்று பிறகு தெரிந்தது. ரூபி தரையில் உருட்டிக்கொண்டு போனார். ஓரிடத்தில் நாற்காலியின் முன்பக்கத்துச் சின்னச் சில்லுகள் ‘டக்’ என்றன. திரும்பி வந்தார். மறுபடி ‘டக்’.

“இது என்ன?”

அது வெட்டு. எந்தக் கொங்கிறீற்றும் காயக் காயச் சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். வெடிக்காத கொங்கிறீற் லொறிக்குள் சுற்றிக்கொண்டிருக்கிற கொங்கிறீற் மட்டும்தான் என்பார் மரியோ. அதனால் ஊற்றி இறுகத் தொடங்கியதும் அறுக்கும் வாளால் நேர்கோடுகள் வெட்டிவிடுவோம். வெடிக்க வேண்டுமென்றால் இங்கே வெடி என்று அதற்கு இடம் காட்டுவது. பிறகு அந்த வெட்டை ரப்பர் மாதிரியான பசையால் நிரப்புவோம். ஆனால் கீழே குழாய்ச் சூடு உள்ள தரை மாரிக்கும் கோடைக்கும் சுருங்கி விரியும். பசை ஓரத்தில் கொஞ்சம் விடும். நடப்பவர் காலுக்கு அது தெரியாது.

“எனக்குத் தெரியும்,” என்றார் ரூபி. “ஒவ்வொரு தரமும் இடுப்பில வந்து அடிக்கும். மடியில தேத்தண்ணி வச்சுக்கொண்டு போனா ஊத்துப்படும். எனக்கு வெட்டு வேண்டாம்.”

நான் மொழிபெயர்த்தேன். மரியோ தலையை ஆட்டினார். வெட்டு இல்லாமல் தன் பெயரில் ஒரு தரை போகாது என்றார். ரூபி அவரைப் பார்த்து நல்ல ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னார்: “நீங்கள் இதில் உட்கார்ந்து ஒருநாள் வேலை செய்து பாருங்கள்.”

மறுநாள் காலையில் பட்டறைக்குப் போனால் மரியோ சக்கர நாற்காலியில் இருக்கிறார். வாடகைக்கு எடுத்து வந்திருந்தார். அன்று முழுவதும் எழும்பவில்லை. தொலைபேசி எடுக்கப் போனார், ‘டக்’. தட்டு எடுக்கப் போனார், ‘டக்’. மதியம் கோப்பி அவர் காற்சட்டையில் ஊற்றுப்பட்டது. எங்களில் ஒருவருக்கும் சிரிக்கத் துணிவு வரவில்லை. பின்னேரம் எழும்பி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று, “வெட்டு இல்லை,” என்றார்.

வெட்டு இல்லையென்றால் மற்ற எல்லாவற்றையும் இறுக்க வேண்டும். தண்ணீர் குறைந்த கலவை கேட்டு எடுத்தோம். கம்பி வலையை நெருக்கினோம். குளியலறைச் சுவர் வரப்போகும் இடத்தில் ஒரேயொரு வெட்டு வெட்டி, சுவருக்குக் கீழே ஒளித்துவிட்டோம். ஊற்றிய பிறகு ஈரத் துணி போட்டு மூடி, பொத்திப் பொத்தி வைத்திருந்தோம். இவ்வளவும் செய்துவிட்டு மரியோ ரூபியிடம் போய், இத்தனைக்குப் பிறகும் மயிரளவு கோடு ஒன்று எங்கேயாவது வரலாம், எங்கே என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

ரூபி என்னிடம் தமிழில் சொன்னார். “வந்தா வரட்டும், செல்வம் அண்ணை. கோடு சத்தம் போடாது.”

அந்தத் தரையை நாங்கள் மினுக்கிய விதத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமைதான். ஓரங்களை மிஷினுக்கு விடாமல் முழந்தாளில் இருந்து கையாலேயே தேய்த்தேன். சூட்டை நாளுக்குக் கொஞ்சமாக ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்தோம். ஒரு கோடும் விழவில்லை. மார்கழியில் யாரும் புதுவீட்டுக்குக் குடிபூர மாட்டார்கள். தை பிறந்ததும் நல்லநாள் பார்த்தார்கள்.

நம் சனத்தின் குடிபூரலுக்கு ஒரு தரையைத் தயார்செய்வது தனி வேலை. மரியோவுக்கு அதை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். மஞ்சள் தண்ணீர் கறை. தேசிக்காய் எலுமிச்சைதானே, அதன் புளி மினுக்கத்தைத் தின்றுவிடும். தேங்காய்த் தண்ணீரும் அப்படித்தான். ஓமகுண்டத்தின் சூடு ஓரிடத்தில் இறங்கினால் தரை செதிள் செதிளாக எழும்பும். “உங்கள் சாமிக்குக் கொங்கிறீற் பிடிக்காதா?” என்று கேட்டார். பிடிக்கும், ஆனால் சோதித்துப் பார்ப்பார் என்றேன். குண்டத்துக்குக் கீழே சூடு தாங்கும் பலகை, மேலே மணல், அதன்மேல் செங்கல். தேசிக்காய் வெட்ட ஒரு தட்டு. எல்லாம் வைத்தேன். ரூபியின் மாமி ஒருவர் தட்டைத் தள்ளிவிட்டு, வெட்டிய தேசிக்காயைக் குங்குமத்தோடு வாசலில் தரையிலேயே வைத்தார். நான் எடுத்துத் தட்டில் வைத்தேன். அவர் எடுத்துத் தரையில் வைத்தார். இப்படியே காலை போனது.

நான் எதிர்பார்க்காதது யோகனை. எல்லாம் பிறகு அறிந்தது: முதல்நாள் வந்து தரையைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். நாளைக்குச் சனம் வந்து வெறுங்காலோடு இருக்கப்போகிறதே, சூடு காணாது என்று கூட்டியிருக்கிறார். கொஞ்ச நேரம் பொறுத்துத் தொட்டுப் பார்த்தார், மாற்றமில்லை, மறுபடி கூட்டினார். காலையில் மாமி குளிருது என்று சொல்ல, முழுதாகத் திறந்துவிட்டார். எல்லாம் அன்பில் செய்த வேலை.

ஓமம் தொடங்கியபோது நானும் மரியோவும் பின்னால் சம்மணம் கொட்டி இருந்தோம். அவர் வெள்ளைச் சேட்டும் காலுறையுமாக. கொஞ்ச நேரத்தில் வேட்டிக்குக் கீழே எனக்குச் சுட்டது. மரியோ உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அதற்குள் ஐயர் நெய்யை ஊற்ற, புகை எழும்ப, அலாரம் அலறத் தொடங்கிவிட்டது. யாரோ ஓடிப்போய் வாசற்கதவை அகலத் திறந்தார்கள். வெளியே தைமாதத்துக் குளிர், உள்ளே கொதிக்கிற தரை. அந்தக் குளிர் அலையாக உள்ளே வந்தது.

‘டிக்.’

அந்த வீட்டில் அத்தனை பேர் இருந்தும் அந்தச் சத்தம் கேட்டது இரண்டு பேருக்குத்தான். மரியோவும் நானும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினோம். வாசலடியிலிருந்து குசினிப் பக்கமாக, பென்சிலால் கீறியது மாதிரி ஒரு கோடு. மரியோ எழும்பி, சனத்தின் நடுவே மெல்லப் போய், சுவரில் இருந்த சூட்டுப் பொத்தானைக் கீழே இறக்கினார். இறக்கிவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மாமி குனிந்து தேசிக்காயை எடுக்கப்போனவர் கண்டுவிட்டார். “ஐயோ, தரை பிளந்திட்டுது! குடிபூருற நாளில வீடு பிளந்திட்டுது!”

எல்லாரும் எழும்பினார்கள். ஐயரின் மந்திரம் நின்றது. யோகன் கோட்டைப் பார்த்தபடி நின்றார்.

“சொன்னனான்,” என்றார். “அப்பவே சொன்னனான். உது கூடாத சகுனம். ரூபி, பாலைக் காய்ச்சு, காய்ச்சிப்போட்டு எங்களோட வீட்டை வந்திடு. இஞ்ச இருக்க வேண்டாம். நீ சொன்னனிதானே, ஒரு குறை வந்தா வாறன் எண்டு.”

எனக்கு வாயில் பதில் வந்துவிட்டது. காலையில் யோகன் அந்தப் பொத்தானடியில் நின்றது நினைவுக்கு வந்தது; சூட்டைக் கூட்டியது யார் என்று விளங்கிவிட்டது. சொல்லியிருந்தால் யோகன் அன்றோடு உடைந்திருப்பார்; ஒரு படியில் போடாத உப்புக்காகவே இத்தனை காலம் வருந்துகிற மனிதர். ரூபிக்கும் தெரிந்திருந்தது. சூட்டுப் பொத்தானையும் அதனருகே நின்ற மரியோவையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் கண்ணைக் காட்டினார்.

“எல்லாரும் கொஞ்சம் விலத்துங்கோ,” என்றார். “ஐயா, கொஞ்சம் பொறுங்கோ. அந்த அலாரத்தையும் ஆராவது நிப்பாட்டுங்கோ.”

விலகினார்கள். அலாரமும் நின்றது. ரூபி நாற்காலியைத் திருப்பி, கோட்டுக்கு மேலாக உருட்டிக்கொண்டு போனார். திரும்பினார். மறுபடி உருட்டிக்கொண்டு வந்தார். பட்டுச்சேலை சில்லில் படாமல் ஒரு கையால் பிடித்திருந்தார்.

“ஆருக்காவது ஏதும் கேட்டதோ?”

சனம் சில்லையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தது.

“அண்ணை, உங்களுக்குக் கேட்டதோ?”

“இல்லை,” என்றார் யோகன்.

“எங்கட பெரிய வீட்டுச் சாப்பாட்டறையில இருந்து குசினிக்குப் போற இடத்தில ஒரு இரும்புப் பட்டி இருக்கு. காபற் முடியிற இடம். கதிரையில இருக்கத் தொடங்கின நாளில இருந்து, நான் போகவும் வரவும் அது என்ர இடுப்பில அடிக்குது. அதுவும் உங்களுக்குக் கேக்கேல்லை. ஏனெண்டா நான் சொல்லேல்லை.” அவர் குரல் உயரவே இல்லை, நோயாளிகளுக்குச் சொல்கிற அதே குரல். “இந்தக் கோடு குறை இல்லை, அண்ணை. வெட்டு வேண்டாம், கோடு வந்தா வரட்டும் எண்டு நான்தான் கேட்டு வாங்கினனான். இவை ரெண்டு பேரும் எனக்கு முதலே சொன்னவை. நான் இஞ்சதான் இருக்கப் போறன்.”

யோகன் அழுதார். சபையில், வேட்டி கட்டிக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அந்த நேரத்தில் எங்களைக் காப்பாற்றியவர் ஐயர். “நேரம் போகுது பிள்ளை, பாலை வையுங்கோ,” என்றார்.

பால் பொங்கி வழிந்தது. தரையில் ஓடத் தொடங்கியதும் மரியோ பாய்ந்து போய்ச் சட்டைப்பையிலிருந்து துணியை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

“விடுங்கள். இதைப் பார்க்கத்தான் எல்லாரும் வந்திருக்கிறோம்.”

“பால் தரைக்கு நல்லதில்லை,” என்றார்.

“வீட்டுக்கு நல்லது,” என்றேன். அவர் பால் ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, துணியைத் திரும்பப் பையில் வைத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் பார்க்காதபோது துடைத்தார்.

மாமி வைத்த தேசிக்காய் வாசலில் இரண்டு வெள்ளை வட்டங்களைப் போட்டுவிட்டது. தேய்த்து எடுக்கட்டுமா என்று கேட்டேன். மாமி வரும்போதெல்லாம் காட்டிச் சீண்ட வேண்டும், இருக்கட்டும் என்றார் ரூபி. கோடு அதற்கு மேல் வளரவில்லை, அகலவும் இல்லை. சூட்டுப் பொத்தானுக்கு மேல் ரூபி ஒரு சின்னப் பெட்டி வைத்துப் பூட்டியிருக்கிறார். பூட்டின் திறப்பு அவரிடம் மட்டும்தான்.

போன மாசியில் பெரும்பனி கொட்டிய மறுநாள் நான் அங்கே போனேன். பின்வளவுப் பாதை சுத்தமாக வழிக்கப்பட்டிருந்தது. உப்புக்குப் பதில் மணல் தூவியிருந்தது. உப்பு சில்லோடு உள்ளே போய்த் தரையைத் தின்னும் என்று நான் சொல்லி யோகன் கேட்கவில்லை; ரூபி சொல்லித்தான் கேட்டாராம். உள்ளே கதவு பூட்டிய அறையில் ரூபி யாருக்கோ மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் வெளியே கேட்கவில்லை. முடித்துவிட்டு வந்து தேத்தண்ணீர் போட்டார். நாற்காலிச் சில்லுகளில் ஒட்டி வந்த பனி வாசலடியில் உருகிக் காய்ந்து போயிருந்தது.

யோகன் மணல் வாளியை வெளியே வைத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நேரே வந்தவர் கோட்டடியில் நின்று, காலைத் தூக்கி வைத்து, அதை மிதிக்காமல் தாண்டினார்.

“இண்டைக்கும் தாண்டுறார் பாருங்கோ,” என்றார் ரூபி என்னிடம். மூன்று கோப்பைகளையும் விளிம்புவரை நிரப்பித் தட்டில் வைத்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கோட்டுக்கு மேலாக உருட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். தட்டில் ஒரு சொட்டும் சிந்தவில்லை. “மிதிச்சா என்ன அண்ணை செய்யும்? ஒண்டும் செய்யாது.”

யோகன் தன் கோப்பையை எடுத்துக்கொண்டார்.

“நீ உருட்டிக்கொண்டு போ,” என்றார். “நான் தாண்டிக்கொண்டு வாறன்.”